கணக்க சீக்கிரம் முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கற புள்ளைக்கு என்ன குடுக்கறது?

நான் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில கணக்கு பட்டதாரி ஆசிரியர், ஆறு ஏழு எட்டு மூணு வகுப்புக்கும் நான்தான். நமக்கு நடக்கற பயிற்சி எல்லாம் பெரும்பாலும் பின்தங்குன புள்ளைய எப்படி மேல கொண்டு வர்றதுன்னுதான் இருக்கும். அது தேவை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, ஆனா வகுப்புக்கு ஒண்ணு ரெண்டு புள்ளைங்க முன்னாடி ஓடிப்போய் நின்னுகினு நம்மளயே பாத்துட்டிருக்கும் பாருங்க, அதுங்கள பத்தி யாரும் பேசறதில்ல. "அதுங்க தானா படிச்சிக்கும்"னு விட்டுடறோம்.

நானும் அப்படித்தான் விட்டேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு பையன் இருந்தான், போர்டுல கணக்க எழுதி முடிக்கறதுக்குள்ள விடைய சொல்லுவான். நான் என்ன பண்ணேன்னா அவன லீடர் ஆக்கினேன், மத்தவங்க நோட்ட திருத்த சொன்னேன், ஆபீஸ்ல இருந்து ரெஜிஸ்டர் எடுத்துட்டு வர அனுப்பினேன், அதுக்கும் மேல நேரம் இருந்தா இன்னும் பத்து கணக்கு போடுன்னு சொன்னேன். மூணு வருஷம் எங்கிட்ட இருந்தான், அந்த மூணு வருஷத்துல அவனுக்கு தெரியாத ஒண்ண கூட நான் அவனுக்கு சொல்லித் தரல. ஒன்பதாவது போனப்புறம் அல்ஜீப்ரா கொஞ்சம் இறுக்கமானதும் "எனக்கு கணக்கு வரல சார்"னு சொல்லிட்டான், பத்தாவதோட நிறுத்திட்டான். தப்பு எம்மேலதான். அதனாலதான் இத எழுதறேன், ஆசிரியர்களுக்கும் சரி, வீட்டுல இப்படி ஒரு புள்ளைய வெச்சிகினு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கற அப்பா அம்மாவுக்கும் சரி.

மொதல்ல யார் அந்தப் புள்ளன்னு கண்டுபிடிக்கணும். ரேங்க் லிஸ்ட்ட பாத்து எடுக்காதீங்க. முதல் ரேங்க் வாங்கற புள்ள நல்லா உழைக்கற புள்ளயா இருக்கும், அது வேற. ஜோசப் ரென்சுல்லின்னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் 1978ல மூணு வளையம்னு ஒரு கருத்து சொன்னாரு: சராசரிக்கு மேல திறமை, புதுசா யோசிக்கற குணம், எடுத்த வேலைய விடாம புடிச்சிக்கற பிடிவாதம், இந்த மூணும் ஒண்ணா சேர்ற எடத்துலதான் பெரிய காரியம் நடக்கும்னு. எனக்கு வகுப்புல ரொம்ப உதவுனது அந்த மூணாவது வளையம்தான். மணி அடிச்சதுக்கப்புறமும் ஒரு கணக்க விடாம பின்னாடியே வந்து "சார் இப்டி பண்ணா இன்னா ஆவும்"னு கேக்கற புள்ளைய குறிச்சி வைங்க.

நம்ம மாவட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. குடியாத்தம், காட்பாடி எல்லைப் பக்கம் வீட்டுல தெலுங்கு பேசற புள்ளைங்க நெறைய, பேர்ணாம்பட்டு பக்கம் உருது பேசற புள்ளைங்க. தமிழ்ல வாக்கியக் கணக்கு குடுத்தா இதுங்க தடுமாறும், நாம மெதுவான புள்ளன்னு முடிவு பண்ணிடுவோம். அதே கணக்க படமா வரைஞ்சி குடுத்து பாருங்க, சில புள்ள டக்குனு முடிச்சிடும். கையெழுத்து மோசமா இருக்கற புள்ள, ஸ்டெப் எழுதாம விடை மட்டும் எழுதற புள்ள, வாயே தொறக்காத பொண்ணு, இவங்களயும் ஒரு தடவ பாத்துடுங்க.

நான் இப்ப பண்றது இதுதான். புது பாடம் ஆரம்பிக்கற அன்னிக்கே, நான் ஒரு வார்த்த நடத்தறதுக்கு முன்னாடி, அந்த பாடத்து பயிற்சில இருக்கறதுலயே கஷ்டமான அஞ்சு கணக்க போர்டுல எழுதிடுவேன். விருப்பம் இருக்கறவங்க போட்டு பாருங்க, இருபது நிமிஷம், மார்க் கெடையாதுன்னு சொல்லிடுவேன். பெரும்பாலும் யாருக்கும் முழுசா வராது, அது பரவால்ல. நாலு கணக்கு சரியா போட்ட புள்ளைக்கு அந்த பாடம் ஏற்கனவே தெரியும்னு அர்த்தம், அந்தப் புள்ள மறுபடியும் அறுவது கணக்கு போட வேண்டிய அவசியம் இல்ல, அந்த நேரம் அதோட சொந்த நேரம். ஒரே ஒரு பகுதி மட்டும் தெரியலன்னா அந்த பகுதி நடத்தற அன்னிக்கு மட்டும் உக்காந்து கேட்டா போதும். இத வெளிநாட்டுல கம்பாக்டிங்னு சொல்றாங்க, அதாவது தெரிஞ்சத சுருக்கிட்டு மிச்ச நேரத்த வேற வேலைக்கு விடறது.

ஆனா மாசத் தேர்வ எல்லாரும் எழுதணும், அதுல விலக்கு இல்ல. நோட்டு விஷயமும் முக்கியம், இதுலதான் நெறைய பேர் மாட்டிக்கறோம். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து நோட்ட பாத்தா அந்த புள்ளையோட நோட்டு காலியா இருக்கும், "என்ன சார் பயிற்சியே போடல"ன்னு கேப்பாங்க. அதனால தலைமை ஆசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அந்த அஞ்சு கணக்கு எழுதுன தாள நோட்டுலயே ஒட்டி, தேதி போட்டு, "முன்தேர்வில் தேர்ச்சி, மாற்றுப் பணி வழங்கப்பட்டது"ன்னு எழுதி கையெழுத்து போட்டுடுங்க. எனக்கு இதுவரைக்கும் இதால பிரச்சன வந்ததில்ல.

சரி, அந்த நேரத்துல என்ன குடுக்கறது. இங்கதான் நான் ரொம்ப அழுத்தி சொல்லுவேன்: அதே மாதிரி கணக்க இன்னும் நெறைய குடுக்காதீங்க, அது சீக்கிரம் முடிச்சதுக்கு தண்டனை மாதிரி ஆயிடும், புத்திசாலிப் புள்ள ரெண்டே நாள்ல மெதுவா போட கத்துக்கும். அதே கருத்துல இன்னும் ஆழமா போற ஒரு கேள்விய குடுக்கணும், அதுவும் ஒரே நாள்ல முடியாத கேள்வி.

ஒண்ணு சொல்றேன் பாருங்க. ஆறாவதுல மீப்பெரு பொதுக் காரணி வருது, சுருக்கமா மீ.பெ.கா., அதாவது ரெண்டு நம்பரயும் மீதி இல்லாம வகுக்கறதுலயே பெரிய நம்பர். எங்கிட்ட ஒரு பொண்ணு அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டா. நான் அவள கூப்ட்டு, "வீட்டு வாசல்ல சிக்குக் கோலம் போடுவியா"ன்னு கேட்டேன். "போடுவேன் சார், எங்க ஆயா இன்னும் நல்லா போடும்"னா. நேர்ப்புள்ளி வெச்சி, பக்கத்து பக்கத்து புள்ளி ரெண்டுக்கும் நடுவுல கோடு கட்டாயம் வெட்டிக்கற மாதிரி, ஓரத்துல வளைஞ்சு திரும்பற சாதா சிக்கு. கேள்வி இதுதான்: ரெண்டு வரிசை, வரிசைக்கு மூணு புள்ளி வெச்சா கைய எடுக்காம ஒரே கோட்டுல முடிஞ்சிடும், மூணு வரிசை மூணு புள்ளி வெச்சா மூணு தனித்தனி கோடு வரும், அப்போ எத்தன புள்ளிக்கு எத்தன கோடு வரும்னு போடாமயே சொல்ல முடியுமா?

சாக்பீஸ் டப்பாவ அவகிட்ட குடுத்துட்டு வராண்டாவுக்கு அனுப்பிட்டேன். மொதல் நாள் வந்து சொன்னா, "ரெண்டு பக்கமும் ஒரே நம்பரா இருந்தா அத்தன கோடு சார், வேற வேற நம்பரா இருந்தா ஒரே கோடு". நான் சரின்னும் சொல்லல தப்புன்னும் சொல்லல, "ரெண்டுக்கு நாலு போட்டு பாத்தியா"ன்னு மட்டும் கேட்டேன். போட்டா ரெண்டு கோடு வந்துடுச்சி. மறுநாள் புதுசா ஒண்ணு சொன்னா, சின்ன நம்பர் பெரிய நம்பர வகுத்தா சின்ன நம்பர் அளவுக்கு கோடு, வகுக்கலன்னா ஒண்ணு. நல்ல யோசனைதான். நாலுக்கு ஆறு போட சொன்னேன். அவ கணக்குப்படி ஒண்ணு வரணும், ஆனா ரெண்டு வந்துச்சி. அழிச்சி அழிச்சி மூணு தடவ போட்டா, மூணு தடவயும் ரெண்டு. கண்ணுல தண்ணி வந்துடுச்சி அவளுக்கு, "நான் தப்பா போடறேன் சார்"னு சொல்றா. நீ சரியாதான் போடற, உன் விதிதான் மாறணும்னு சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஒண்ணுமே பேசல. மூணாவது நாள் பிரேயர் முடிஞ்சி வரிசைல போறப்பவே ஓடி வந்து, "சார் அது மீ.பெ.கா சார்! நாலும் ஆறும் மீ.பெ.கா ரெண்டு சார்!"னா. ஆறுக்கு ஒன்பது போட்டு காட்டுன்னேன், போடறதுக்கு முன்னாடியே மூணுன்னு சொல்லிட்டு போட்டா, மூணு கோடு.

அந்த கண்ணீர பத்தி ஒரு வார்த்த. எல்லாமே சுலபமா வர்ற புள்ள வாழ்க்கைல ஒரு தடவ கூட திணறியிருக்காது, மொத தடவ திணறும்போது நமக்கு புத்தி இல்லன்னு நெனச்சிக்கும். என் பழைய பையனுக்கு ஒன்பதாவதுல ஆனது அதுதான்னு எனக்கு இப்ப புரியுது. அதனால சின்ன வயசுலயே, நாம பக்கத்துல இருக்கறப்பவே, திணறல பழக்கணும். விடைய சொல்லிடாதீங்க, கஷ்டமா இருந்தாலும் சொல்லாதீங்க. அடுத்த எத போட்டு பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க. "உனக்கு மூள ஜாஸ்தி"ன்னு பாராட்டாம "மூணு தடவ அழிச்சி போட்ட பாரு, அது நல்லா இருந்துச்சி"ன்னு பாராட்டுங்க.

கேள்விக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. சென்னையில இருக்கற இந்தியக் கணித ஆசிரியர் கழகம் 1965ல இருந்து இருக்கு, அவங்க நடத்தற தேசியக் கணிதத் திறன் போட்டியில அஞ்சு ஆறுக்கு ஒரு நிலை, ஏழு எட்டுக்கு ஒரு நிலைன்னு பிளஸ் டூ வரைக்கும் இருக்கு, பழைய வினாத்தாள் தேடுனா கெடைக்கும். எட்டாவதுல இருந்து கணித ஒலிம்பியாட் மொதல் படி ஐ.ஓ.க்யூ.எம். எழுதலாம், 3 மணி நேரம், 30 கேள்வி, விடை எல்லாமே முழு எண்தான், மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்து இணையதளத்துல பழைய தாள் இலவசமா இருக்கு. இங்கிலீஷ்ல இருக்குன்னு பயப்படாதீங்க, நான் வாரத்துக்கு ஒரே ஒரு கேள்விய எடுத்து தமிழ்ல சார்ட்ல எழுதி சுவத்துல ஒட்டிடுவேன், வகுப்புல யார் வேணாலும் போடலாம், வெள்ளிக்கிழம பேசுவோம். போட்டிக்கு போறாங்களோ இல்லயோ, அந்த கேள்வியே பாடம்தான்.

அடுத்த வகுப்பு புத்தகத்த இப்பவே குடுக்கலாமான்னு பெத்தவங்க கேக்கறாங்க. குடுக்கலாம், பாடநூல் பி.டி.எஃப். எல்லாமே அரசு இணையதளத்துல இலவசம். ஆனா ஆழமா போனதுக்கு அப்புறம்தான் முன்னாடி போகணும்னு நான் நெனக்கறேன், இல்லன்னா எட்டாவது புள்ள பத்தாவது சூத்திரத்த ஒப்பிக்கும், ஏன்னு கேட்டா முழிக்கும். பள்ளிக்கூடம் உயர்நிலையோ மேல்நிலையோ ஆயிருந்தா ஒரு வசதி இருக்கு: டைம்டேபிள் போடறப்பவே எட்டாவது கணக்கும் ஒன்பதாவது கணக்கும் ஒரே பீரியட்ல வர்ற மாதிரி போட்டுட்டா அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் புள்ள மேல் வகுப்புல போய் உக்காரலாம், மத்த நேரம் தன் கூட்டாளிங்களோட இருக்கலாம். முழு வகுப்பையே தாண்டி விடறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், கணக்குல பெரியவனா இருக்கற பையன் கபடியிலயும் மனசளவுலயும் பெரியவனா இருக்கணும்னு இல்லயே.

குழு பிரிக்கறதுலயும் ஒரு பழக்கம் நமக்கு இருக்கு, ஆறு குழுன்னா ஆளுக்கு ஒரு கெட்டிக்காரப் புள்ளைய லீடரா போட்டுடறது. சொல்லிக் குடுக்கறது நல்லதுதான், சொல்லிக் குடுத்தா தனக்கே தெளிவாகும், ஆனா தினமும் அதயே பண்ணா அந்தப் புள்ள நமக்கு சம்பளம் இல்லாத உதவி ஆசிரியர் ஆயிடுது. வாரத்துல ரெண்டு பீரியடாவது அந்த மூணு நாலு பேர ஒண்ணா உக்கார வைங்க, அவங்களுக்குள்ள சண்ட போட்டு யோசிக்கட்டும். தொடக்க வகுப்புல எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சி ஏற்கனவே பண்றோம், அதுல மலர் நிலைய தாண்டி நிக்கற புள்ளைக்கு என்னன்னு மட்டும் நாம இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். இந்தக் குழுவ மாத்திகினே இருங்க, அளவைகள்ல வேகமா இருக்கற புள்ள வடிவியல்ல மெதுவா இருக்கும். நிரந்தரமா ஒரு பேர் வெச்சி ஒட்டிடாதீங்க.

அறிவியலுக்கு நம்மூர்ல கெடைக்கற வாய்ப்பு பல மாவட்டத்துல கெடையாது. சத்துவாச்சாரியில மாவட்ட அறிவியல் மையம் இருக்கு. பழைய வட ஆற்காட்டுலயே, இப்ப திருப்பத்தூர் மாவட்டம், ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறுனா காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986ல தொறந்தது. 1977ல யுரேனஸ சுத்தி வளையம் இருக்குன்னு உலகத்துக்கு தெரிய வந்தப்ப அந்த நிகழ்வ காவலூர்ல இருந்தும் பதிவு பண்ணாங்க. சனிக்கிழமல பொதுமக்கள பாக்க விடுவாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி போன்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, மேகமா இருந்தா ஒண்ணும் தெரியாது. சும்மா டூர் மாதிரி கூட்டிட்டு போகாதீங்க, போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆளுக்கு ரெண்டு கேள்வி எழுதி வெச்சிக்க சொல்லுங்க, அத அங்க இருக்கறவங்ககிட்ட புள்ளயே கேக்கணும். மத்திய அரசோட இன்ஸ்பயர் மானக் விருதுக்கு புள்ளையோட சொந்த யோசனைய பள்ளி மூலமா அனுப்பலாம், தேர்வானா செஞ்சு பாக்க 10,000 ரூபா வரும். யோசனை புள்ளையோடதா இருக்கணும், நாம யூடியூப்ல பாத்து எழுதிக் குடுத்தா அதுக்கு அர்த்தமே இல்ல. எங்க பக்கம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா போடற வீட்டுப் புள்ளைங்களுக்கு செடிய பத்தி தெரியற அளவு எனக்கு தெரியாது, அங்கிருந்து ஆரம்பிச்சாலே நூறு கேள்வி வரும்.

இப்ப உதவித்தொகை தேர்வு, இதுல விவரம் தெரியாமயே நெறைய பேருக்கு போயிடுது. எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்., அதாவது தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு, இது அரசு, அரசு உதவி பெறும் பள்ளி புள்ளைங்களுக்கு. பெத்தவங்க வருமானம் வருஷம் 3.5 லட்சத்துக்கு மேல போகக் கூடாது, ஏழாவதுல 55 சதவீதம் வேணும், எஸ்.சி., எஸ்.டி. புள்ளைங்களுக்கு 50. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொண்ணும் 90 நிமிஷம். தேர்வானா மாசம் 1,000 வீதம் ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும், மொத்தம் 48,000. நடுவுல தனியார் பள்ளிக்கு மாறுனா போயிடும், வருஷா வருஷம் போர்ட்டல்ல புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது. ஒன்பதாவதுல கிராமப்புறப் புள்ளைங்களுக்கு ட்ரஸ்ட் தேர்வு, அதாவது ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 பசங்க 50 பொண்ணுங்க, வருஷம் 1,000, தொகை கம்மிதான் ஆனா பழக்கத்துக்கு எழுதணும். பத்தாவதுல அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 1,000 பேருக்கு வருஷம் 10,000 இளநிலைப் பட்டம் முடியற வரைக்கும். பிளஸ் ஒன்ல தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, பத்தாவது தமிழ்ப் பாடத்துல இருந்து, 1,500 பேருக்கு மாசம் 1,500 ரெண்டு வருஷத்துக்கு, பாதி இடம் அரசுப் பள்ளிக்கு.

வருமானச் சான்ற கடைசி நேரத்துல தேடாதீங்க, ஜூலையிலயே இ-சேவையில பதிஞ்சிடுங்க. ஆதார்லயும் பள்ளிப் பதிவுலயும் பேங்க் பாஸ்புக்லயும் பேர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னு அன்னிக்கே பாத்துடுங்க, தேர்ச்சி ஆயும் பணம் வராம அலையற புள்ளைங்கள நான் பாத்திருக்கேன். மனத்திறனுக்கு குறுக்கு வழி மனப்பாடம் பண்ண வைக்காம, புள்ளைங்களயே எண் தொடர் உருவாக்கி ஒருத்தருக்கொருத்தர் குடுக்க சொல்லுங்க. கேள்வி உண்டாக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு விடை கண்டுபிடிக்க தனியா பயிற்சி வேணாம்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. அந்தக் கோலப் பொண்ணோட அம்மா பீடி சுத்திகினே எங்கிட்ட சொன்னாங்க, "கேள்வி கேட்டுகினே கீறா சார், பதில் சொல்ல எங்களுக்கு எங்க சார் தெரியும், பேசாம டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேத்துடலாமான்னு கீது". நான் அவங்ககிட்ட சொன்னத உங்களுக்கும் சொல்றேன். பதில் தெரியணும்னு அவசியமே இல்லமா, "நீ என்ன நெனக்கற"ன்னு திருப்பிக் கேளுங்க போதும், வேலைய பாத்துகினே கேக்கலாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணி புடிக்க, தம்பிய பாத்துக்கன்னு கூப்பிடாம விடுங்க. பள்ளி மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க, ஆறுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சாதான் மருத்துவம், இன்ஜினியரிங்ல அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு, பொண்ணுங்களுக்கு காலேஜ்ல மாசம் 1,000 தர்ற புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியிலயோ படிச்சவங்களுக்குதான். தமிழ்நாட்டுல நவோதயா பள்ளி இல்ல, அதனால நம்ம புள்ளைங்களுக்கு மேல் படிக்கட்டு நம்ம பள்ளிக்குள்ளயேதான் கட்டணும்.

கடைசியா ஒரு வேலை இருக்கு, நான் ரொம்ப லேட்டா கத்துகிட்டது. எங்க பள்ளி எட்டாவதோட முடிஞ்சிடும், புள்ள வேற உயர்நிலைப் பள்ளிக்கு போகும், அங்க இருக்கற ஆசிரியருக்கு இந்தப் புள்ளைய பத்தி ஒண்ணும் தெரியாது, மார்க் மட்டும்தான் தெரியும், மறுபடியும் மொதல்ல இருந்து பத்து கணக்குலதான் ஆரம்பிப்பாங்க. அதனால டி.சி. குடுக்கற அன்னிக்கு ஒரு பக்கம் எழுதி குடுத்துடறேன், முடிஞ்சா அந்தப் பள்ளி கணக்கு ஆசிரியருக்கு போன்லயும் சொல்லிடறேன். எதெத முடிச்சிருக்கு, எந்த மாதிரி கேள்வி புடிக்கும், எங்க அழும், எவ்ளோ நேரம் தனியா விடலாம், இப்ப எதுல நிக்குது, இவ்ளோதான். கோலப் பொண்ணுக்கு எழுத வேண்டிய தாள இப்பவே ஆரம்பிச்சி வெச்சிருக்கேன், இப்ப ஏழாவது வந்துட்டா. அதுல கடைசி வரி: "மூணுக்கு மூணுல நடுப்புள்ளிய எடுத்துட்டா எத்தன கோடுன்னு அவளே ஒரு கேள்வி கண்டுபிடிச்சிருக்கா, அஞ்சுக்கு அஞ்சு வரைக்கும் போட்டு பாத்துட்டா, விதி இன்னும் கெடைக்கல, தயவு செஞ்சு விடைய சொல்லிடாதீங்க."